சிறிய விரைவுக் காருக்கு மாற்று டயர் தேர்ந்தெடுத்தல்

மோட்டார் கார் தரையைத் தொடும் இடங்கள் நான்கே. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் சராசரியாக 275 கிலோகிராம் பளு விழுகிறது. டயரினுள் அடைபட்ட காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோகிராம் எனில், அப்பளுவைத் தாங்குவதற்குத் தரையின்மீது படிய வேண்டிய பரப்பு ஏறத்தாழ 125 சதுர சென்டிமீட்டர் ஆகும். இது விரல்களோடு விரித்த ஒரு கையின் அளவைவிடச் சற்றுக் குறைவு. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 500 சதுர சென்டிமீட்டர். அலுவலகங்களில் கடிதம் எழுதும் முழுத் தாள் ஒன்றின் பரப்பைக்கூட இது எட்டுவதில்லை. வண்டி விரைதல், திரும்புதல், நிற்றல் ஆகிய அனைத்தும் இச்சிறு பரப்பின் வழியாகவே நடைபெற வேண்டும்.

கார் புதிதாக விற்பனைக்கு வரும்போது, அதற்குரிய டயரைத் தொழிற்சாலைப் பொறியியலார் பல மாதங்கள் சோதித்துத் தேர்ந்தெடுத்திருப்பர். அந்த டயர் தேய்ந்தபின் அவ்வேலை உரிமையாளரின் பொறுப்பாகிறது. அவரோ அதைக் கடை வாசலில் நின்றுகொண்டு அரைமணி நேரத்தில், பெரும்பாலும் கடைக்காரரிடம் அன்று இருப்பில் உள்ளவற்றிலிருந்து, முடித்துவிடுகிறார். விரைவாகச் செல்வதற்கும் வளைவுகளில் துடிப்பாகத் திரும்புவதற்கும் பெயர்பெற்ற சிறிய கார்களை வைத்திருப்போரிடம் மற்றோர் ஆவலும் காணப்படுகிறது. டயர் அகலமாக இருந்தால் பிடிப்பு மிகும் என்று எண்ணி, இருப்பதைவிட அகலமான டயரைப் பூட்ட விரும்புகின்றனர். இக்கருத்து எந்த அளவுக்குச் சரி என்பதை இங்கு ஆராய்வோம். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டிலிருந்து விற்கப்பட்டு வரும் ஸ்விஃப்ட் கார் எல்லா மாநிலங்களிலும் காணப்படுவதாகையால், அதையே உதாரணமாகக் கொள்ளலாம்.

பக்கச்சுவரில் பொறித்த எண்கள்

ஸ்விஃப்ட் காரின் விலை குறைந்த வகைகளில் 165/80 ஆர் 14 என்ற அளவுள்ள டயரும், விலை உயர்ந்த வகைகளில் 185/65 ஆர் 15 என்ற அளவுள்ள டயரும் பொருத்தப்பட்டுள்ளன. முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் தருகிறது. சாய்கோட்டுக்குப் பின்வரும் எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. ஆர் என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும் எழுத்து. இறுதி எண் ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் உள்ளது. ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்து வருவது மாணவர்க்கு வியப்பளிக்கும். டயர்த் தொழிலின் பழைய வழக்கம் இன்னும் மாறவில்லை.

இவ்வெண்களைக் கொண்டு சக்கரத்தின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 165-இல் நூற்றுக்கு 80 என்பது 132 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இருமுறை எண்ணினால் 264. ரிம்மின் 14 அங்குலம் 355.6 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 619.6 மில்லிமீட்டர். இவ்வாறே 185/65 ஆர் 15 டயருக்குக் கணக்கிட்டால் 621.5 மில்லிமீட்டர் வருகிறது. ஹூண்டாய் ஐ20 என் லைன் என்னும் மற்றொரு விரைவுக் காரில் உள்ள 195/55 ஆர் 16 டயருக்கு 620.9 மில்லிமீட்டர். மூன்று ரிம்கள், மூன்று அகலங்கள். ஆயினும் மொத்த விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குமேல் வேறுபாடு இல்லை. ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து விட்டத்தை நிலையாக வைப்பதே முறை என்பது இதனால் விளங்கும்.

விட்டம் மாறினால் நேர்வது என்ன? 15 அங்குல ரிம்மில் 185/65-க்குப் பதிலாக 205/65 டயரைப் பூட்டியவர் விட்டத்தை 647.5 மில்லிமீட்டராக, அதாவது நூற்றுக்கு 4 பங்குக்கு மேல், உயர்த்திவிடுகிறார். வேகமானி சரியானதாக இருந்திருந்தால், அது மணிக்கு 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 104 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தரையில் செலுத்தும் விசை அதே விகிதத்தில் குறைகிறது. துடிப்பு வேண்டி டயரை மாற்றியவர் துடிப்பையே இழக்கிறார். திருப்பும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசுவதும் உண்டு. 14 அங்குல ரிம்மை வைத்துக்கொண்டே சற்று அகலமான டயர் வேண்டுவோர்க்கு 185/70 ஆர் 14 பொருத்தமானது. அதன் விட்டம் 614.6 மில்லிமீட்டர், வேறுபாடு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வாறாயினும், அதே காரின் வேறொரு வகையில் உற்பத்தியாளரே பொருத்தியுள்ள அளவைத் தேர்வது ஐயத்திற்கு இடமற்ற வழி.

அளவுக்குப் பின் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் பளுக் குறியீடு: 85 என்றால் ஒரு டயர் 515 கிலோகிராம் தாங்கும், 87 என்றால் 545, 88 என்றால் 560. எழுத்து வேக வரம்பு: எஸ் 180 கிலோமீட்டர், டி 190, எச் 210, வி 240. பழைய டயரில் உள்ளதைவிடக் குறைந்த குறியீடு ஏற்கத்தக்கதன்று. நம் சாலைகளில் எவரும் 210 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதில்லையே எனலாம். உயர்ந்த எழுத்துடைய டயர் வெப்பத்தை நன்கு தாங்குமாறு கட்டப்பட்டது. வெயிற்கால நெடுஞ்சாலையில் அது பயனுடையதே.

அகலமும் பிடிப்பும்

தொடக்கத்தில் கண்ட கணக்கில் டயரின் அகலம் இடம்பெறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தரையில் படியும் பரப்பைப் பெரிதும் தீர்மானிப்பவை பளுவும் காற்றழுத்தமுமே. பக்கச்சுவரின் விறைப்பும் ஓரளவு பளுவைத் தாங்குவதால் கணக்கு முற்றும் துல்லியமன்று. எனினும் முடிவு பெரிதும் மாறாது. அகலமான டயரில் படியும் தடம் குறுக்கில் நீண்டு, நெடுக்கில் குறுகுகிறது. அதன் பரப்பு அதிகம் மாறுவதில்லை. ஆசிரியர்கள் இதை எளிதில் காட்டலாம். முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் வெள்ளைத் தாளும் அதன்மேல் மைப்புறம் கீழாக ஒரு கார்பன் தாளும் வைத்து, சக்கரத்தை மெல்ல இறக்கி மீண்டும் உயர்த்தினால் தடம் பதிந்திருக்கும். காற்றைச் சிறிது குறைத்து மறுமுறை செய்தால் தடம் நீள்வதைக் காணலாம். கட்டம் போட்ட தாளாயின் பரப்பை எண்ணியே அறியலாம்.

தடம் குறுக்கில் நீள்வதால் வறண்ட சாலையின் வளைவுகளில் நன்மை உண்டு என்பது உண்மையே. பக்கவாட்டு விசை வரும்போது அத்தகைய தடம் குறைவாகத் திருகுகிறது. ஸ்டீரிங்கின் கட்டளைக்கு வண்டி விரைந்து பணிகிறது. பந்தயக் கார்களில் அகன்ற டயர் இருப்பது வீண் அலங்காரமன்று. ஆனால் பந்தயத் தடத்தில் குழிகள் இல்லை. 165/80 டயரில் 132 மில்லிமீட்டராக இருந்த பக்கச்சுவர், 195/55 டயரில் 107 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. குழியின் விளிம்பில் வேகமாக மோதும்போது அச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, உள்ளிழைகள் அறுந்து, வெளியே கட்டிபோல் புடைத்துக்கொள்கிறது. புடைத்த டயரைச் செப்பனிட இயலாது. மாவட்டச் சாலைகளிலும் கிராமப் பாதைகளிலும் சுற்றுப்பயணம் செய்யும் களப்பணியாளர்க்கு 16 அங்குல ரிம் தகுந்ததன்று. 15 அங்குலமே மேல் எல்லை எனலாம். மண்பாதை மிகுதியாயின் 14 அங்குலம் இன்னும் நல்லது.

மழைக்காலத்திலோ அகலம் தீமையாகவும் மாறக்கூடும். சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது, டயர் தன் முன்னுள்ள நீரை ஒதுக்கித் தள்ளியும், கடைக்காரர் பட்டன் என வழங்கும் மேல்தடத்தின் பள்ளங்கள் வழியாக வெளியேற்றியும் தரையை அடைய வேண்டும். வேகம் மிகும்போது நீரை ஒதுக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு வேகத்தில் டயருக்கு அடியில் நீர் ஆப்புபோல் நுழைந்து, வண்டியைத் தூக்கிவிடுகிறது. சக்கரம் தரையைத் தொடாமல் நீரின்மேல் வழுக்கிச் செல்லும் இந்நிலையில் ஸ்டீரிங்கும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது.

அமெரிக்க வானூர்தி ஆய்வு நிலையமான நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் ஹார்ன் முதலியோர் விமான டயர்களைக் கொண்டு இதை ஆராய்ந்து, 1963-இல் எளிய விதி ஒன்றை வெளியிட்டனர். பட்டன் தேய்ந்து வழவழப்பான டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தைவிட நீர் மிகுந்துள்ள சாலைக்கும் அது பொருந்தும். டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்று எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 16.65-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு கிலோமீட்டரில் கிடைக்கும். அழுத்தம் 36 எனில் வர்க்கமூலம் 6, வேகம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கவனக்குறைவால் அழுத்தம் 25-க்கு இறங்கியிருந்தால் வர்க்கமூலம் 5, வேகம் 83 கிலோமீட்டர். காற்றைப் பாராமல் விட்டதனால் மட்டுமே 17 கிலோமீட்டர் பாதுகாப்பு மறைந்துவிட்டது. விமான டயருக்கான விதி கார் டயருக்கு அப்படியே பொருந்தாது. குட்டையும் அகலமுமான தடத்தில் நீர் வெளியேறும் வழி நீள்வதால், அகலமான கார் டயர் இதைவிடக் குறைந்த வேகத்திலும் மிதக்கலாம். ஆழமான பள்ளங்களே இதற்கு மாற்று.

புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த கார் டயர் சாலைக்குத் தகுதியற்றது. இதைக் காட்டுவதற்காகப் பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டுள்ளன. பட்டன் அம்மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் தீர்ந்தது. சட்டத்தின் எல்லை அது. ஈரச் சாலையில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே குறைகிறது. ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், தென்மேற்குப் பருவமழையோ வடகிழக்குப் பருவமழையோ தொடங்குமுன் மாற்றிவிடுவதே விவேகம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் கெழு 0.8 எனக் கொண்டால் பிரேக்கு பிடித்தபின் 31.5 மீட்டரில் நிற்கும், 0.4 எனக் கொண்டால் 63 மீட்டர் ஓடும். பள்ளிக்கூட வாசலைக் கடக்கும் சாலையில் அந்த 31.5 மீட்டர் வேறுபாடு எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

ரப்பரின் தன்மை

அளவு ஒன்றாகவே இருந்தும் இரு டயர்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் ரப்பர்க் கலவை. சாலையின் மேற்பரப்பு கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்களால் ஆனது. ரப்பர் அவற்றில் அழுந்தி மீளும்போது, அழுந்துகையில் கொண்ட ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. ஈரச் சாலையில் பிடிப்பின் பெரும்பகுதி இந்த இழப்பினின்றே பிறக்கிறது. ஆனால் சக்கரம் உருளும்போதும் டயர் நசுங்கி மீள்கிறது. அங்கும் ஆற்றல் வீணாகி, பெட்ரோல் செலவை உயர்த்துகிறது. பிடிப்புக்கு இழப்பு வேண்டும். சிக்கனத்துக்கு இழப்பு கூடாது. இம்முரண்பாட்டுக்குத் தீர்வு அதிர்வின் வேகத்தில் உள்ளது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்விஃப்ட்டின் சக்கரம் நொடிக்கு 11 முறைதான் சுற்றுகிறது; நுண்ணிய மேடுபள்ளங்களோ ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறை அசைக்கின்றன. மெதுவான அசைவில் குறைவாகவும், விரைவான அசைவில் மிகுதியாகவும் ஆற்றலை இழக்கும் கலவையைச் செய்தால் இரு பயனும் கிடைக்கும். கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்காவைப் பெருமளவில் சேர்த்த டயர்களை 1992-இல் மிஷலின் நிறுவனம் வெளியிட்டபோது இது நடைமுறைக்கு வந்தது. இன்று நல்ல கார் டயர்களில் சிலிக்கா பரவலாகச் சேர்க்கப்படுகிறது.

எனினும் பிடிப்பு, சிக்கனம், நீண்ட உழைப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே உச்சத்தில் தரும் டயர் இல்லை. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று புகழப்படும் டயரை வாங்குவோர், அதன் ஈரப்பிடிப்பு எத்தகையது என்பதையும் கேட்டல் வேண்டும். பல டயர்களில் அமெரிக்க அரசு விதித்த தரக்குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்மான எண் 200 எனில் கலவை மென்மையானது, பந்தய நோக்கிற்கு அருகில் உள்ளது; 400-உம் அதற்கு மேலும் நீண்ட உழைப்பைக் குறிக்கும். இச்சோதனையை அந்தந்த நிறுவனமே செய்துகொள்வதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருள் குறைவு. ஈரத்தரையில் நேராகப் பிரேக்கு பிடிக்கும் தரத்தை ஏஏ, ஏ, பி, சி என நான்கு படிகளாக வகுத்துள்ளனர். முதலிரு படிகளுக்குக் கீழே இறங்காதிருத்தல் நன்று. இந்தியாவில் 2022-இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பெற்று, உருளும்போது எழும் தடை, ஈரப்பிடிப்பு, ஒலி ஆகியவற்றுக்கு வரம்புகள் கட்டாயமாக்கப்பட்டன. அது கீழ் வரம்பே, சிறந்ததைச் சுட்டுவதன்று.

கடையில் பார்க்க வேண்டியவை

இந்தியத் தரக் கழகத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயர் வாங்கத்தக்கதன்று. 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையால் அம்முத்திரை கட்டாயமாயிற்று. கார் டயருக்குரிய தரநிர்ணய எண் 15633. அடுத்துப் பார்க்க வேண்டியது பிறந்த நாள். பக்கச்சுவரில் நீள்வட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நீள்வட்டம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கக்கூடுமாதலால், இருபுறமும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். ரப்பர் ஓடாமலே மூப்படைகிறது. வெயிலில் அடுக்கிவைத்த டயர் இன்னும் விரைவாக. தள்ளுபடி விலையில் தரப்படும் டயர் பலவேளை மூன்று நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருக்கும்.

இரண்டு மட்டும் மாற்றுவதாயின்

முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய கார்களில் முன் டயர்களே முதலில் தேய்கின்றன. ஆகவே உரிமையாளர் இரண்டு புதிய டயர்களை வாங்கி முன்னே பூட்டிக்கொண்டு, பாதி தேய்ந்தவற்றைப் பின்னே விட்டுவிடுகிறார். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கும் அதற்கே; எனவே புதியது அங்கே இருப்பதுதானே நியாயம் என்பது அவர் வாதம். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும் இவ்வாதம் மழைநாளில் உயிருக்கு ஊறு விளைக்கும்.

ஈரமான வளைவில் முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்தால், வண்டி வளைவின் வெளிப்புறம் நோக்கி நேராகச் செல்ல முற்படும். ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். பளு முன்னே சாய்ந்து முன்சக்கரங்கள் அழுந்தும், வேகமும் குறையும், பிடிப்பு மீளும். அச்சத்தில் இயல்பாகச் செய்வதே இங்கு மருந்தாகிறது. பின்சக்கரங்கள் முதலில் வழுக்கினாலோ, வண்டியின் வால் வெளியே வீசப்பட்டுச் சுழலத் தொடங்கும். அப்போதும் ஓட்டுநர் காலை எடுக்கிறார். பளு முன்னே செல்வதால் ஏற்கெனவே பிடிப்பற்ற பின்சக்கரங்கள் மேலும் இலேசாகின்றன. இங்கு அதே செயல் நோயை வளர்க்கிறது. ஸ்விஃப்ட்டில் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைத்தூரம் 2,450 மில்லிமீட்டரே. குட்டையான வண்டி சுழன்றால் விரைந்து சுழலும். தேர்ந்த பந்தய வீரருக்கே திருத்த நேரம் சிறிது. மின்னணு நிலைப்புக் கருவி உள்ள வண்டிகளில் அக்கருவி துணைபுரியும். ஆனால் இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது.

ஆகவே, இரண்டு டயர்களே வாங்க முடியுமாயின், புதியவற்றைப் பின்னே பூட்டி, பின்னிருந்தவற்றை முன்னே கொணர்தல் வேண்டும். கடைக்காரர் மறுத்தாலும் வற்புறுத்துக. ஒரே அச்சில் இருவேறு பட்டன் அமைப்புள்ள டயர்களைச் சேர்த்தலும் ஆகாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி வந்தால் நான்கும் ஒருசேரத் தேயும். இந்தச் சிக்கலே எழாது.

பூட்டும்போதும் பூட்டியபின்னும்

டயருடன் வால்வையும் புதிதாக மாற்றி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்தல் வேண்டும். சில விரைவு டயர்களில் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியும், வேறு சிலவற்றில் வெளிப்புறம் எது என்ற குறியும் இருக்கும். அவசரத்தில் இவை தலைகீழாகப் பூட்டப்படுவது அரிதன்று. காற்றழுத்தம் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டின்படி இருக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் காணும் பெரிய எண் உச்சவரம்பே, அதை நிரப்பக்கூடாது. அளவு பார்க்க வேண்டியது வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பவுண்டு குறைகிறது. ஆதலின் வெயிற்காலத்தில் நிரப்பியதை மழைக்காலத் தொடக்கத்தில் மீண்டும் பார்த்தல் அவசியம்.

புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பின்போது பூசிய வழவழப்பு சிறிது தங்கியிருக்கும்; முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவது நலம். முதல் நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியின் காற்றையும் அன்றே பார்த்துவிடலாம். பல கார்களில் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிடச் சிறிய ரிம் உடையது; அதன்மீது மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற வரம்பு ஒட்டப்பட்டிருந்தால், பஞ்சரான டயரைச் செப்பனிடும் கடைவரை செல்வதற்கே அது உரியது.